பந்து உதைத்த பெண்ணுக்குப் பிழைப்பு என்ன?

(ஒகேனக்கலில் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பெண்கள் கால்பந்து என்று நோட்டீசில் பார்த்தவர்களில் சிலர், "இவர்களுக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா? சாமியைத் திட்டுவார்கள், சாஸ்திரத்தைத் திட்டுவார்கள் என்றல்லவா வந்தோம், பந்தாட்டம் பேசப் போகிறார்களாமே" என்று சொல்லிக்கொண்டதாகக் கேள்விப்பட்டோம். அருவியில் குளிக்கவும், எண்ணெய் தேய்த்துக்கொள்ளவும், மீன் வறுவல் தின்னவும், பரிசல் ஏறவும் ஜனங்கள் வருகிற இந்த ஒகேனக்கலில் பந்தாட்டப் பேச்சு என்னத்துக்கு என்று கேட்பது நியாயந்தான். ஆனால், நாட்டின் பேரால் ஓடி ஆடிய ஒரு பெண், அந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு பிறகு ஒரு வேளைச் சோறு தின்ன முடிகிறதா என்பதுதான் நாம் பேசப்போகிற விஷயம். இது எவ்வளவு தூரம் பந்தாட்ட விஷயம், எவ்வளவு தூரம் பெண் விடுதலை விஷயம் என்பதைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சாஸ்திரமும் நடுவில் வரத்தான் செய்யும். ஆகையால் அதற்காக வந்தவர்களும் ஏமாந்துபோக வேண்டியதில்லை.

முதலில் சங்கதி இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். கால்பந்தில் வயதுக்கொரு அணி உண்டு. 16 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்து, தேசத்துக்குத் தேசம் போட்டி நடத்துகிறார்கள். ஏதோ ஒரு குக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வெறுங்காலோடு பந்து உதைத்துக்கொண்டிருந்த பெண்ணை 13, 14 வயதில் பொறுக்கியெடுத்து முகாமுக்குக் கொண்டு போகிறார்கள். அங்கே முட்டை கொடுக்கிறார்கள், பால் கொடுக்கிறார்கள், நல்ல பூட்சு கொடுக்கிறார்கள். தேசத்தின் பேர் எழுதின சட்டையை மாட்டி ஆகாயக் கப்பலில் ஏற்றுகிறார்கள். இதெல்லாம் சந்தோஷந்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு 18 ஆகிறது, 20 ஆகிறது. வயது கடந்தவுடன் அந்த அணியில் அவளுக்கு இடமில்லை. பெரியவர்கள் அணியிலோ தேசம் முழுமைக்கும் இருபது முப்பது பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் எங்கே போனார்கள்? முகாமிலேயே வருஷத்தைக் கழித்ததால் படிப்பும் பாதி, உத்தியோகமும் இல்லை, வீட்டிலோ கலியாணப் பேச்சு. சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்பார் யார்?

கேட்பார் இருந்த இரண்டொரு சந்தர்ப்பத்தைச் சொல்லுகின்றோம். ஜார்க்கண்டில் தன்பாத் ஜில்லாவைச் சேர்ந்த சங்கீதா சோரன் என்னும் பழங்குடிப் பெண் 2018-ஆம் வருஷத்தில் பூடானிலும் தாய்லாந்திலும் இந்தியாவின் இளையோர் அணிக்காக ஆடியவர். 2020-இல் கொரோனா வந்து ஆட்டமெல்லாம் நின்று போயிற்று. 2021 மே மாதத்தில் அந்தப் பெண் தாயாரோடு செங்கல் சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தது பத்திரிகைகளில் வந்தது. படம் வந்தவுடன் தேசிய மகளிர் ஆணையம் சர்க்காருக்கு எழுதிற்று, கால்பந்து சம்மேளனத்துக்கு எழுதிற்று. அந்த ராஜ்யத்து முதல் மந்திரியும் உதவி செய்வதாகச் சொன்னார். எல்லாம் சரி. படம் எடுக்க ஆள் வராத சூளைகளில் யார் யார் கல் சுமக்கிறார்கள் என்பதற்கு என்ன கணக்கு இருக்கிறது?

கல்கத்தாவில் பௌலமி அதிகாரி என்று ஒரு பெண். 16 வயதுக்குட்பட்டோர் அணியில் இந்தியாவுக்காக ஆடியவர். 2016-இல் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரம் வரைக்கும் போய் வீடற்றோர் உலகக் கோப்பை என்னும் போட்டியில் ஆடினவர். 2023 ஜனவரியில் இவர் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருப்பது வெளியே தெரிந்தது.

தோழர்களே! செங்கல் சுமப்பதையும் பொட்டலம் சுமப்பதையும் நாம் இழிவென்று சொல்ல வரவில்லை. உழைக்காமல் தின்கிறதைத் தவிர உலகத்தில் இழிவான பிழைப்பு வேறொன்றுமில்லை. நாம் கேட்பதெல்லாம், ஐந்தாறு வருஷம் பொதுப்பணத்தைச் செலவழித்து ஒரு பெண்ணுக்கு ஒரு வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அந்த வித்தைக்கு யாதொரு மதிப்பும் இல்லாத இடத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்துவது என்ன புத்தி என்பதுதான். தச்சு வேலை கற்றவனுக்கு உளியைக் கொடுக்காமல் மூட்டை தூக்கச் சொல்லுகிறவனை நாம் பைத்தியக்காரன் என்கிறோம். இதை மாத்திரம் தேச சேவை என்கிறோம்.

இதைவிட வேடிக்கை ஒன்று கேளுங்கள். 2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பைப் போட்டியே இந்தியாவில் நடந்தது. இந்திய அணிக்குத் தலைவி அஸ்தம் ஓராவோன் என்னும் பெண். இவரும் ஜார்க்கண்ட்தான், கும்லா ஜில்லா. மகள் தலைவியாகிவிட்டாள் என்பதற்காக அவர் வீட்டுக்குச் சர்க்கார் ரோடு போட்டது. ஊரார் ஆட்டத்தைப் பார்ப்பதற்காக டெலிவிஷன் பெட்டியும் வந்தது. அந்த ரோடு வேலையில் நாள் கூலிக்கு மண் சுமந்தவர்கள் யாரென்றால், அந்தப் பெண்ணைப் பெற்ற தாயும் தகப்பனுமே! மகள் பேரால் ரோடு. அந்த ரோட்டிலே தாய்க்கும் தகப்பனுக்கும் கூலி. இதை எழுதின பத்திரிகைகள் பெருமையாகத்தான் எழுதின. நமக்கோ படிக்கும்போது வெட்கமாயிருந்தது.

அதே உலகக் கோப்பையைப் பற்றி இன்னொன்று. அது முதலில் 2020-இல் நடக்க வேண்டியது. 2003-ஆம் வருஷம் முதலாகப் பிறந்த பெண்களைப் பொறுக்கி, வெளிதேசத்திலிருந்து பயிற்சியாளரை வரவழைத்துத் தயார் செய்தார்கள். கொரோனாவினால் 2021-க்குத் தள்ளினார்கள். பிறகு அதையும் ரத்து செய்து 2022-ஆம் வருஷத்துப் போட்டியை இந்தியாவுக்குக் கொடுத்தார்கள். போட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் 2022-க்கு 2005-ஆம் வருஷம் முதலாகப் பிறந்தவர்கள்தான் ஆடலாம் என்பது விதி. ஆகவே, முன்னே தயாரான 2003, 2004-இல் பிறந்த பெண்கள் ஒரு நிமிஷங்கூட ஆடாமலே வயது கடந்தவர்கள் ஆகிவிட்டார்கள். இங்குள்ள பரிசல் ஓட்டிகளுக்கு இது நன்றாய் விளங்கும். காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலை நிறுத்தச் சொல்லிக் கலெக்டர் உத்தரவு போடுகிறார்; அடுப்பு எரியாது. ஆனாலும் தண்ணீர் வடிந்தால் மறுபடியும் துடுப்பை எடுக்கலாம். இந்தப் பெண்களுக்கு வெள்ளம் வடிந்தபோது பரிசலே இல்லை. வயது என்கிற ஆறு ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது.

இதையெல்லாம் சொன்னால் நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லுகிற ஒரு பதில் இருக்கிறது. "அவள் தலையெழுத்து" என்பார்கள். தலையெழுத்தைப் பற்றித் தர்மபுரி ஜில்லாக்காரர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஜில்லாவில் எத்தனை தலைமுறையாகப் பல் கறுத்துக் கால் வளைந்து எலும்பு கெட்டுப்போனார்கள்! முன்ஜன்மத்து வினை என்றார்கள். கடைசியில் பார்த்தால் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு அதிகம் என்று தெரிந்தது. இதே ஒகேனக்கல் தண்ணீரைச் சுத்தம் செய்து, ஜப்பான்காரனிடம் கடன் வாங்கி, 2013-இல் குழாய் வழியாய்த் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டு போனார்கள். பிரமன் எழுதினதைக் குழாய்த் தண்ணீர் அழிக்கிறதென்றால், அது எவ்வளவு கெட்டியான எழுத்து என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெண்ணின் தலையெழுத்தும் அப்படித்தான். காரணத்தைத் தேடினால் கிடைக்கும். காரணம் கிடைத்தால் பரிகாரமும் கிடைக்கும்.

காரணத்தைத் தேடப்போனால்தான் சாஸ்திரம் வருகிறது. சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி நடந்ததாக ஒரு கதை சொல்லுவார்கள். காளி எந்த ஆட்டத்துக்கும் சளைக்காமல் சரிக்குச் சரியாய் ஆடினாளாம். ஜெயிக்க முடியாதென்று கண்ட சிவன் காலைத் தலைக்குமேல் தூக்கினாராம். பெண் பிள்ளை காலைத் தூக்கலாமா என்று வெட்கப்பட்டுக் காளி தலைகுனிந்து தோற்றாளாம்! அசுரனைக் கொல்லும்போது வராத வெட்கம் காலைத் தூக்கும்போது வந்துவிட்டது. இந்தக் கதையைக் கல்லிலே செதுக்கி வைத்துக் கும்பிடுகிற தேசத்தில், காலைத் தூக்கிப் பந்தை உதைக்கிற பெண்ணை எந்தப் பார்வை பார்ப்பார்கள் என்று நாம் சொல்ல வேண்டுமா? காளி தோற்றது ஆட்டம் தெரியாமல் அல்லவே. போட்டியின் சட்டத்தை எழுதினவன் ஆண்பிள்ளை, அதனால் தோற்றாள்.

இந்தப் பைத்தியம் நம் தேசத்துக்கு மாத்திரம் சொந்தம் என்று நினைத்து வெள்ளைக்காரனைப் புகழ்ந்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் முதல் மகா யுத்தத்தின்போது ஆண்களெல்லாம் சண்டைக்குப் போய்விட, பிரஸ்டன் நகரத்தில் டிக், கெர் கம்பெனியாரின் தொழிற்சாலையில் யுத்தத் தளவாடம் செய்த பெண்கள் ஒரு கால்பந்து அணி சேர்த்தார்கள். 1920 டிசம்பர் 26-ஆம் தேதி லிவர்பூல் நகரத்தில் அவர்கள் ஆடினதைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். மறு வருஷம் 1921 டிசம்பர் 5-ஆம் தேதி இங்கிலீஷ் கால்பந்து சங்கத்தார், இந்த ஆட்டம் பெண்ணுக்கு ஏற்றதல்ல என்று தீர்மானம் போட்டு, தங்கள் சங்கங்களின் மைதானத்தில் பெண்கள் கால் வைக்கக் கூடாதென்று தடுத்துவிட்டார்கள். தடை ஏறக்குறைய 50 வருஷம் இருந்தது. பிரேசில் தேசத்தில் 1941 முதல் 1979 வரைக்கும் சட்டமே போட்டுத் தடுத்தார்கள். மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை. எல்லோரும் சொன்ன காரணம் பெண்ணின் உடம்பு. பயந்தது 53,000 பேர் கூட்டத்தைக் கண்டு என்பது நம் அபிப்பிராயம்.

அந்தப் பிரஸ்டன் அணியில் லில்லி பார் என்று ஒரு பெண். 1905-இல் பிறந்தவர், 14 வயதில் ஆட வந்தவர். இன்றைய கணக்குப்படி அவரும் இளையோர் அணிக்காரிதான். தடை வந்த பிறகு மைதானம் போயிற்று. தொழிற்சாலையின் ஆதரவும் போயிற்று. ஆனாலும் அவர் 1951 வரைக்கும் ஆடினார். எப்படி ஆடினார்? விட்டிங்ஹாம் என்ற ஊரில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அணியில் வேறு சிலருக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. பகலில் நோயாளியைப் பார்ப்பதும், ஓய்வு நாளில் பந்து உதைப்பதுமாக முப்பது வருஷம் ஓட்டினார். 1978-இல் செத்துப்போன அந்த அம்மையாருக்கு 2019-இல் மான்செஸ்டர் நகரத்துக் கால்பந்து அருங்காட்சிசாலையில் சிலை வைத்தார்கள். சிலையைப் பார்த்துப் பரவசப்படுகிறவர்கள் ஆஸ்பத்திரிச் சம்பளத்தை மறந்துவிடக் கூடாது. மாதா மாதம் தன் கைக்கு வந்த அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் லில்லி பார் என்ற பேரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது நம் பெண்கள் 2022-இல் ஆடின ஆட்டத்துக்கு வருகின்றோம். மொராக்கோவிடம் 3 கோல், பிரேசிலிடம் 5 கோல், அமெரிக்காவிடம் 8 கோல் வாங்கினார்கள். ஒன்றுகூடத் திருப்பி அடிக்கவில்லை. உடனே, "நம் பெண்களுக்கு உடம்பில் வலு இல்லை" என்று சில பேர் தீர்ப்புச் சொன்னார்கள். அமெரிக்காவில் 1972-இல் ஒரு சட்டம் வந்தது. சர்க்கார் பணம் வாங்குகிற எந்தப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் ஆண், பெண் என்று வித்தியாசம் காட்டக் கூடாது என்பதே அதன் சாரம். ஆணுக்கு மைதானமும் உபகாரச் சம்பளமும் கொடுத்தால் பெண்ணுக்கும் கொடுத்தாக வேண்டும். அந்தச் சட்டம் வருவதற்கு முன் அந்தத் தேசத்து உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்து ஆடின பெண்கள் சுமார் 700 பேர். 2019-க்குள் மூன்றரை லட்சத்துக்கு மேலே போய்விட்டார்கள். அங்கே ஒரு பெண் இளையோர் அணியை விட்டு வெளியே வந்தால் அவளுக்காகக் கல்லூரியில் இடமும் சம்பளமும் காத்திருக்கிறது. ஆட்டம் நின்றாலும் பட்டம் கையில் இருக்கும். அந்த எட்டுக் கோலில் பாதியாவது 1972-ஆம் வருஷத்துச் சட்டம் அடித்தது என்று நாம் சொல்லுவோம். எதிரே நின்ற நம் பெண்ணுக்குப் பின்னால் என்ன இருந்தது? மண் சுமக்கிற தாய் இருந்தாள்.

நம் தேசத்திலும் ஆட்டத்தால் நிலைத்து நின்ற பெண்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். எப்படி நின்றார்கள் என்று பாருங்கள். மணிப்பூரைச் சேர்ந்த ஒய்னம் பெம்பெம் தேவி 2017-இல் அர்ஜுனா விருதும் 2020-இல் பத்மஸ்ரீ பட்டமும் பெற்றவர். மணிப்பூர் போலீசில் உத்தியோகம். அதே மணிப்பூரின் பாலா தேவி 2020-இல் ஸ்காட்லாந்து தேசத்து ரேஞ்சர்ஸ் சங்கத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்து ஆடினார்; அவருக்கும் போலீஸ் உத்தியோகந்தான். நம் கடலூர் ஜில்லாவைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரி. தமிழ்நாடு போலீசில் சப் இன்ஸ்பெக்டர். 2020-இல் ஊரடங்கின்போது சங்கீதா சோரன் என்கிற பெண்ணுக்கு ஆட்டம் நின்று வயிறும் காய்ந்தது. இந்துமதிக்கும் ஆட்டம் நின்றது, ஆனால் அவர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சென்னை வீதியில் காவல் பார்த்தார். இருவரும் இந்தியச் சட்டை போட்டவர்கள். இருவருக்கும் ஒரே கொரோனா. மாதம் பிறந்தால் ஒருவருக்குச் சம்பளம் உண்டு, மற்றவருக்கு இல்லை. எங்கே இருக்கிறது தலையெழுத்து?

இதில் போட்டி நடத்துகிறவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 2016-17 முதல் இந்தியப் பெண்கள் லீக் என்று ஒன்று நடக்கிறது. 2019-இல் மதுரைப் பக்கத்துச் சேது அணி மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கிற்று. நம்மூர்ப் பத்திரிகைகள் எத்தனை வரி எழுதின என்பது வேறு விஷயம். 2023-இல் சம்மேளனத்தார், லீக்கில் ஆடும் எட்டுச் சங்கங்களும் குறைந்தது பத்து இந்தியப் பெண்களுக்கு வருஷத்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் பேச வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். கணக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய 26,600 ரூபாய். எட்டுச் சங்கத்துக்குப் பத்துப் பத்தாக எண்பது பெண்கள். நூற்று நாற்பது கோடி ஜனத்தொகையில் எண்பது பேருக்குச் சோற்றுக்கு வழி பிறந்தது என்று கும்மியடிக்கலாமா என்று யோசித்துச் சொல்லுங்கள். முழங்காலில் அடிபட்டால் அந்த எண்பதிலும் ஒன்று குறையும். ஆகையால்தான், ஆட்டச் சம்பளம் வேறு, ஆயுள் முழுமைக்கும் பிழைப்பு வேறு என்று நாம் பிரித்துச் சொல்லுகின்றோம்.

தமிழ்நாட்டில் விளையாட்டுக்காரர்களுக்குச் சர்க்கார் உத்தியோகத்தில் நூற்றுக்கு மூன்று என்று ஒதுக்கீடு வந்திருக்கிறது. பெண்களுக்கு உத்தியோகத்தில் நூற்றுக்கு முப்பது என்று 1989-இல் செய்தார்கள். இவை ஆகாயத்திலிருந்து குதித்தவை அல்ல. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும், எந்தத் தொழிலையும் செய்ய உரிமை வேண்டும், ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் பெண்களையே உபாத்தியாயர்களாக நியமிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது, குடும்பம் கெட்டது என்று கூச்சல் போட்டார்கள். சொத்துரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் வருவதற்கு அறுபது வருஷம் ஆயிற்று. பெண்கள் கிராப்பு வெட்டிக்கொள்ளட்டும், ஆண்களைப்போலச் சட்டை போட்டுக்கொள்ளட்டும் என்று பெரியார் சொன்னபோது சிரித்தார்கள். இப்போது கிராப்பு வெட்டி, சட்டையும் கால்சட்டையும் போட்டு நிற்கிற பெண்ணைத்தான் தேசத்தின் மானத்தைக் காப்பாற்று என்று மைதானத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். சிரித்தவர்களுடைய பேரன்மார்கள் கைதட்டுகிறார்கள்.

கைதட்டுகிற அதே ஆள் வீட்டுக்குப் போனால் மகளை என்ன சொல்லுகிறான்? "போதும் ஆடினது, வயசுக்கு வந்தாச்சு" என்கிறான். இந்த ஜில்லாவைப் பற்றிக் கொஞ்சம் மனம் விட்டுப் பேசவேண்டியிருக்கிறது. பெண் சிசுவைப் பிறந்தவுடன் கொல்லாதே, இங்கே கொண்டுவந்து போடு என்று சர்க்கார் தொட்டில் வைத்த ஜில்லாக்களில் உங்கள் ஜில்லாவும் ஒன்று. 1992-இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் 2001-இல் தர்மபுரிக்கும் வந்தது. பிள்ளைக் கலியாணத்தை அதிகாரிகள் போய் நிறுத்தினார்கள் என்கிற செய்தியும் இந்தப் பக்கத்திலிருந்து இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சாரதா சட்டம் அமுலுக்கு வந்தது 1930-இல்! தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகியும் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பெண்ணுக்குத் தாலி கட்டப் பார்க்கிறோம். கால்பந்தில் ஒரு பெண்ணைத் தேசத்துக்காகப் பொறுக்குகிற வயதும், நம்மவர்கள் மாப்பிள்ளை தேடுகிற வயதும் ஒரே வயதாயிருப்பதைக் கவனியுங்கள். ஒருவன் அவள் காலைப் பார்க்கிறான். ஒருவன் அவள் கழுத்தைப் பார்க்கிறான். அவள் கையில் ஒரு பட்டமோ உத்தியோகமோ இருக்கிறதா என்று பார்க்கிறவன் இரண்டு பேரிலும் இல்லை.

தாய்மார்களுக்கு ஒரு பயம் உண்டு; அதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. பெண்ணை முகாமுக்கு அனுப்பினால் பத்திரமா என்கிற பயம் அது. 2022-இல் 17 வயதுக்குட்பட்டோர் அணி நார்வே தேசத்துக்குப் போயிருந்தபோது, உதவிப் பயிற்சியாளர் ஒருவர் ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்ததாகப் புகார் வந்து வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பயம் நியாயமானதுதான். ஆனால் திருடன் வருகிறான் என்று வீட்டுக்காரனைச் சிறையில் போடுகிற நியாயத்தை நாம் எங்கும் கண்டதில்லை. பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பெண்களே வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு எங்கே போவது என்றால், முன்னாள் இளையோர் ஆட்டக்காரிகள் இத்தனை பேர் சூளையிலும் தெருவிலும் நிற்கிறார்களே, அவர்களுக்குப் பயிற்சியாளர் படிப்பைச் சர்க்கார் செலவில் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கொருவராக நியமித்தால் என்ன? தாயின் பயமும் தீரும், அந்தப் பெண்ணின் பிழைப்பும் தீரும். இதற்குப் பிரமாதமான மூளை ஒன்றும் வேண்டியதில்லை.

நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே சில துண்டுச் சீட்டுகள் வந்திருக்கின்றன. இரண்டொன்றுக்குப் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளுகின்றோம்.

"பெண்கள் பந்து உதைத்தால் கருப்பை கெட்டுப் பிள்ளை பிறக்காது என்று சொல்லுகிறார்களே" என்று ஒரு தோழர் கேட்கிறார். அலெக்ஸ் மார்கன் என்னும் அமெரிக்க ஆட்டக்காரி 2020 மே மாதத்தில் பெண் குழந்தை பெற்று, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார். ஆட்டக்காரிக்குப் பிரசவம் என்றால் குறைந்தது 14 வாரம் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று உலகக் கால்பந்துச் சம்மேளனமே 2021 முதல் விதி செய்திருக்கிறது. பிள்ளை பெறாதவர்களுக்காகவா விதி செய்வார்கள்? மற்றபடி அந்தத் தோழரை நாம் ஒன்று கேட்கின்றோம். சூளையில் தலைமேல் பத்துச் செங்கல்லை வைத்துக்கொண்டு நாள் முழுதும் நடக்கிற பெண்ணின் கருப்பையைப் பற்றி நீர் எப்போதாவது கவலைப்பட்டதுண்டா? சுமை தூக்கினால் கெடாத கருப்பை பந்து உதைத்தால் கெடுமா? பெண் கூலிக்குப் போனால் உடம்பு கெட்டி. பேருக்கும் புகழுக்கும் போனால் உடம்பு பலவீனம். நல்ல வைத்திய சாஸ்திரம்!

"எல்லாப் பெண்களுக்கும் சர்க்கார் உத்தியோகம் கொடுத்து முடியுமா" என்று இன்னொரு சீட்டு. முடியாது, நாமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஆட்டத்தைச் சுற்றி எத்தனை தொழில் இருக்கிறது என்று பாருங்கள். திண்டுக்கல் ரூபா தேவி என்பவர் விசிலை எடுத்துக்கொண்டு பன்னாட்டு நடுவர் என்கிற அந்தஸ்து வரைக்கும் போனார். கோவாவின் உவேனா பெர்னாண்டஸ் முன்னர் ஆட்டக்காரி. பிறகு நடுவராகி, 2016-இல் ஜோர்டான் தேசத்தில் நடந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் நடுவர் குழுவில் இருந்தார். ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டத்துக்கே 2022 டிசம்பரில் ஸ்டெபனி பிரப்பார் என்கிற பிரெஞ்சுப் பெண்மணி நடுவராயிருந்து, இருபத்திரண்டு ஆண்பிள்ளைகளை விசிலால் நடத்தினார். தேகப்பயிற்சி உபாத்தியாயினி வேலை இருக்கிறது. அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை செய்கிற படிப்பு இருக்கிறது. இவைகளுக்கெல்லாம் வேண்டியது பன்னிரண்டாவது வகுப்பும் அதற்கு மேல் ஒரு பட்டமும். ஆகவே, முகாமுக்குப் பெண்ணைக் கேட்டு எவர் வந்தாலும், "ஆட்டம் சரி, இவள் பரீட்சை எந்த மாதம் எழுதுவாள், கல்லூரிக்கு யார் பணம் கட்டுவார்கள், இதை எழுத்தில் கொடுங்கள்" என்று தகப்பன் கேட்கட்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் எத்தனை பவுன் என்று பேசத் தெரிந்த நமக்கு இது பேச வராதா?

மூன்றாவது சீட்டில் ஒரு பெண் எழுதியிருக்கிறாள். பேர் போடவில்லை. "எங்கள் பள்ளியில் பந்து இருக்கிறது, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள், பையன்கள் கேட்டால் மட்டும் கொடுக்கிறார்கள், என்ன செய்வது" என்கிறாள். அம்மா, நீயும் உன்னோடு பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டுத் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். ஒரு நகலைக் கல்வி அதிகாரிக்கு அனுப்புங்கள். இன்னொரு நகலை நமக்கு அனுப்புங்கள், இந்தப் பத்திரிகையில் போடுகின்றோம். சாவி யார் கையில் இருக்கிறதென்பதையும் அதிலேயே எழுதிவிடு. பென்னாகரம் போகிற கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டபடியால், மீதிச் சீட்டுகளுக்கு அடுத்த வாரம் எழுத்திலேயே பதில் தருகின்றோம்.